வேடன் மறைவும் வேட மறைவும்

சென்ற மாதம் எங்கள் வாசகர் கூடுகையில் எழுந்த ஒரு விவாதமே இக்கட்டுரைக்குக் காரணம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியிருக்கும் நண்பர் ஒருவர், அங்கே ஒரு குளிர்கால விடியலில் கொயோட்டி வேட்டைக்காரர் ஒருவருடன் சென்று அமர்ந்திருந்த அனுபவத்தைச் சொல்லத் தொடங்கினார். கொயோட்டி நம் ஊர்க் குள்ளநரிக்கு உறவான வட அமெரிக்க விலங்கு. நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. நண்பர் பாதியைக்கூடச் சொல்லி முடிக்கவில்லை, அவையில் தீர்ப்பு வந்துவிட்டது. "மறைந்திருந்து கொல்வது கோழைத்தனம். இது வாலி வதம்" என்றார் ஒருவர். பெரும்பான்மையோர் தலையசைத்தனர். பேச்சு அத்துடன் கம்பனுக்குத் தாவியது; கொயோட்டியை எல்லோரும் மறந்தோம்.

கொயோட்டி வதையைக் குறித்து எங்களுக்கும் கடுமையான கண்டனம் உண்டு. ஆனால் அது மறைந்திருத்தலின் மீதான கண்டனம் அல்ல. சரியான தீர்ப்பைத் தவறான காரணத்துக்காக வழங்கினால், உண்மையான குற்றவாளி பின்வாசல் வழியே தப்பிவிடுவார். அன்று எங்கள் கூடுகையில் நடந்தது அதுவே என்று கருதுகிறோம். நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் இதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த மறைவு என்பது என்ன என்று பார்ப்போம். புதருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பது என்றுதான் நம்மில் பலர் கற்பனை செய்துகொள்கிறோம். தேர்ந்த வேட்டைக்காரர் புதருக்குப் பின்னால் அல்ல, பெரும்பாலும் முன்னால்தான் அமர்கிறார். முதுகுக்குப் பின்னே சேஜ் புதரோ பாறையோ இருந்தால் உடலின் வரிவடிவம் அதில் கரைந்துவிடும், பார்வையும் தடைபடாது. சூரியன் தம் முதுகுப் பக்கம் இருக்குமாறும், தாம் நிழலில் இருக்குமாறும் பார்த்துக்கொள்கிறார். முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்கிறார். வெளிறிய தோலும் அசையும் விரலும் காட்டிக்கொடுப்பதைப் போல வேறெதுவும் காட்டிக்கொடுப்பதில்லை. கொயோட்டி நாயைப் போலவே நீலமும் மஞ்சளுமான குறுகிய நிற உலகில் வாழ்வது. உடையின் நிறத்தைவிட அசைவே அதற்குப் பெரிய செய்தி.

கண்ணை ஏமாற்றிவிட்டாலும் மூக்கு இருக்கிறது. அடிபட்ட முயலின் அலறலைப் போன்ற ஒலியை வேட்டைக்காரர் எழுப்பியதும் கொயோட்டி நேராக ஓடிவந்துவிடுவதில்லை. பெரும்பாலும் அது ஒரு வளைவு எடுத்து, ஒலி வந்த இடத்திலிருந்து காற்று வீசிச் செல்லும் பக்கத்தை அடைந்து, அங்கே நின்று மோப்பம் பிடிக்கிறது. ஆகவே இரை எந்த வழியாக வரும், காற்று எந்தப் பக்கம் திரும்பும், வாகனத்தை எங்கே நிறுத்திவிட்டு எப்படி நடந்து வர வேண்டும் என்பதையெல்லாம் முன்பே கணித்தாக வேண்டும். இவ்வளவும் செய்து, பதினைந்து இருபது நிமிடங்கள் இமையையன்றி வேறெதையும் அசைக்காமல் இருந்து, பல வேளைகளில் வெறுங்கையோடு எழுந்து போக வேண்டும். விலங்கின் புலன்களைத் தம் புலன்களாகக் கொண்டு தம்மையே வெளியிலிருந்து பார்க்கத் தெரிந்தவரால் மட்டுமே இவ்விதம் மறைய முடியும். இதற்குக் கோழைத்தனம் என்று பெயரிடுவது சொல்லாட்சியில் கவனமின்மை.

மறைவு இயற்கையின் பொதுமொழி. கொயோட்டியும் எலிக்காகப் புல்லில் உறைந்து நின்று காத்திருக்கிறது. அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் இந்த உண்மையில் மயங்கி, விலங்குகளின் நிறங்கள் அனைத்துமே மறைவுக்கானவை என்று வாதிட்டார். 1909இல் அவருடைய மகன் ஜெரால்ட் பெயரில் வெளிவந்த பெருநூல், பூநாரையின் செந்நிறம்கூட அந்தி வானத்தில் கரைவதற்கே என்ற அளவுக்குப் போனது. அதை மறுத்து 1911இல் நீண்ட ஆய்வுக்கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? வேட்டைக்காரரும் முன்னாள் அதிபருமான தியோடர் ரூஸ்வெல்ட். ஓவியர் விலங்கு எங்கும் மறைகிறது என்றார். வேட்டைக்காரர், இல்லை, பல விலங்குகள் தெளிவாகத் தெரிகின்றன, அசையாமல் இருப்பதும் இருக்கும் இடமுமே அவற்றைக் காக்கின்றன என்றார். இருவரும் மிகைப்படுத்தினர் என்றாலும், மறைவை ஒழுக்கக்கேடாக இருவருமே பார்க்கவில்லை. அறிவுக்குரிய பொருளாகவே பார்த்தனர்.

இனி வாலிக்கு வருவோம். நம் நண்பர்களின் பேராயுதம் அதுதானே. வான்மீகத்தில் இராமன் தன் செயலுக்குச் சொல்லும் நியாயங்களில் ஒன்று, மனிதர் மறைந்து நின்றும் வலை விரித்தும் கண்ணி வைத்தும் விலங்குகளைக் கொல்கின்றனர், அதில் குற்றமில்லை, நீயோ ஒரு குரங்கு என்பதாகும். அதாவது வேட்டையில் மறைவு பழியற்றது என்பதே அவ்வாதத்தின் அடிப்படை. கம்பனோ இலக்குவன் வாயால் வேறு காரணம் சொல்ல வைக்கிறான். நேரில் வந்திருந்தால் வாலியும் அடைக்கலம் கேட்டிருப்பான், சுக்கிரீவனுக்கு முன்பே தந்த வாக்கு பொய்த்திருக்கும் என்பது அது. அங்கே வாலி கேட்கும் கேள்வியின் கூர்மையைக் கவனிக்க வேண்டும். போர்க்களத்தில் எதிரே நிற்காமல், விலங்கைக் கொல்லும் வேடரைப் போல ஏன் மறைந்து நின்றாய் என்கிறான். வேடன் வேடனைப் போல நடந்துகொண்டான் என்பதல்ல அவன் குறை; அரசன் வேடனைப் போல நடந்துகொண்டான் என்பதே. மீறப்பட்டது போரின் நெறி. வேட்டையைப் போரின் நெறியால் அளப்பவர்கள் வாலியைத் தலைகீழாக வாசிக்கிறார்கள்.

இந்தத் தலைகீழ் வாசிப்பின் விளைவு சாதாரணமானதல்ல. "மறைந்து கொல்பவன் இழிந்தவன்" என்று சூத்திரம் செய்துவிட்டால் அது முதலில் யார் மீது பாயும்? எந்த நாட்டிலும் கண்ணியும் சுருக்கும் வைத்து வயிறு வளர்த்த எளியவர் மீதுதான். நரியின் குரலில் ஊளையிட்டு நரியை வரவழைக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையேயும் வாழ்ந்தார்கள். அந்த விலங்கின் பெயராலேயே நாம் அவர்களை நரிக்குறவர் என்று அழைத்தோம். கொயோட்டி வேட்டைக்காரரின் ஊதுகுழல் செய்வதை அவர்கள் தம் தொண்டையால் செய்தார்கள். அந்த அறிவை நாம் எங்கே எழுதி வைத்தோம்? பேருந்து நிலையத்தில் ஊசிமணி விற்பவர்களாக அவர்களைக் கண்டு முகம் திருப்பியதைத் தவிர வேறென்ன செய்தோம்? 2023இல்தான் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தேவையானது, அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் வேட்டையை நிறுத்துவது வேறு, வேடனை இழிந்தவன் என்பது வேறு.

மறைவு குற்றமில்லை என்றால் குற்றம் எது? இவ்விடத்தில் வள்ளுவரே நமக்கு வழிகாட்டுகிறார். கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், தவக்கோலத்தின் பின்னே நின்று தீமை செய்பவனுக்குப் புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனை உவமையாக்குகிறார். உவமையைப் படிக்கும் அவசரத்தில் இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறோம். உண்மையில் அங்கே இரண்டு மறைவுகள் இருக்கின்றன. வேடன் பறவையிடமிருந்து மட்டுமே மறைகிறான். அவன் மனைவிக்கும் ஊருக்கும் அவன் வேடன் என்பது தெரியும், அவனுக்கும் தெரியும். தவவேடத்தான் ஊரிடமிருந்து மறைகிறான். காலப்போக்கில் தன்னிடமிருந்தே மறைகிறான். அதிகாரம் இந்த இரண்டாமவனைப் பற்றியது. வேடன் அங்கே உவமைக்கு வந்து போகிறவன் மட்டுமே.

அமெரிக்கக் கொயோட்டியின் வரலாறு வேடன் மறைவிலிருந்து வேட மறைவுக்கு நகர்ந்த வரலாறு என்பதே எங்கள் வாதம்.

கால்நடை வளர்ப்போரின் நலனுக்காக ஊனுண்ணிகளை ஒழிக்க அமெரிக்க மைய அரசுக்கு 1931இல் சட்டம் அதிகாரம் வழங்கியது. அந்தப் பணியைச் செய்துவந்த துறை "விலங்குச் சேதக் கட்டுப்பாடு" என்ற பெயரில் இயங்கியது. அப்பெயரிலாவது ஒரு நேர்மை இருந்தது. 1997இல் அது "வனவிலங்குச் சேவைகள்" என்று மாற்றப்பட்டது. யாருக்குச் சேவை? சமீப ஆண்டுகளில் அத்துறை ஆண்டுதோறும் ஏறத்தாழ அறுபதாயிரம் கொயோட்டிகளைக் கொன்றுவந்திருக்கிறது. அவற்றில் பல விமானத்திலிருந்தும் ஹெலிகாப்டரிலிருந்தும் சுடப்பட்டவை. அங்கே எவரும் காற்றின் திசை பார்த்து அமர்ந்திருக்கவில்லை; எவரும் புதரில் மறையவில்லை. சொல்லில் மறைந்தார்கள்.

எம்-44 என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். தரையில் நட்ட சிறு குழாய். அதன் தலையில் மணம் பூசிய இரை. விலங்கு அதைக் கவ்வி இழுத்தால் உள்ளிருக்கும் வில் சயனைடுப் பொடியை வாயில் பீய்ச்சும். இது மறைவின் உச்சம்: மறைந்திருப்பவர் எவருமே இல்லாத மறைவு. வருவது கொயோட்டியா, நாயா, குழந்தையா என்று பார்க்க அங்கே கண்ணில்லை. 2017இல் ஐடஹோ மாநிலத்தில் வீட்டருகே நடந்து சென்ற சிறுவன் ஒருவன் அதைத் தொட்டுவிட, அவன் பிழைத்தான், உடன் வந்த நாய் அவன் கண்முன்னே இறந்தது. 2023இல்தான் மைய அரசின் நில மேலாண்மை அலுவலகம் தன் நிலங்களில் இக்கருவியைத் தடைசெய்தது. புதரில் அமர்ந்த மனிதனைக் கோழை என்றவர்கள் இக்கருவிக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று அறிய விரும்புகிறோம். எங்கள் கூடுகையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட எழவில்லை.

"ஆடுகளைக் காப்பாற்ற வேண்டாமா?" என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்க ஆட்டு மந்தைகளுக்கு ஊனுண்ணிகளால் நேரும் இழப்பில் கொயோட்டிக்கே பெரும் பங்கு. ஈன்ற குட்டியை இழந்த இடையர் துப்பாக்கியோடு இரவெல்லாம் காத்திருந்தால் அவர் மீது எங்களுக்குக் கோபமில்லை. எந்த ஆட்டுக்காக, எந்த விலங்கை எதிர்பார்த்து அமர்ந்திருக்கிறார் என்பதை அவர் சொல்ல முடியும். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் ஆண்டு முழுவதும் கொன்றுகொண்டிருப்பது அந்த நோக்கத்தை நிறைவேற்றுகிறதா?

கொயோட்டி இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. டெக்சாஸில் ஃபிரெடெரிக் நோல்டன் செய்த ஆய்வு 1972இல் வெளிவந்தது. கொல்லுதல் குறைவாக இருந்த பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 4.3 குட்டிகள், கடுமையாகக் கொல்லப்பட்ட பகுதிகளில் 6.9 குட்டிகள். எண்ணிக்கை குறைந்தால் எஞ்சியவற்றுக்கு உணவு பெருகுகிறது. இளம் பெண் விலங்குகளும் ஈனத் தொடங்குகின்றன. 1975இல் கானலியும் லாங்ஹர்ஸ்டும் கணினி மாதிரி கொண்டு கணக்கிட்டபோது, ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 கொயோட்டிகளைக் கொன்றாலும் இனம் அற்றுப்போக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று தெரிந்தது. நிகழ்ந்ததும் அதுவே. ஒரு காலத்தில் மேற்குப் புல்வெளிகளின் விலங்காக இருந்தது இன்று ஹவாய் தவிர்த்த எல்லா மாநிலங்களிலும் வாழ்கிறது. சிகாகோ நகரத்துக் கொயோட்டிகளை ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஓநாயைப் பெரும்பகுதி நிலத்திலிருந்து ஒழித்ததன் மூலம் அதன் பெரும்பகைவனை அகற்றி வழிவிட்டவர்களும் மனிதர்களே. அரை நூற்றாண்டாக அச்சில் இருக்கும் கணக்கு இது. அதற்குப் பின்னும் "கட்டுப்பாடு" என்ற சொல்லைக் கூசாமல் பயன்படுத்துவது தவவேடம் அன்றி வேறென்ன?

இதே வேடத்தை அணிந்த இன்னொன்று வேட்டைப் போட்டி. குறிப்பிட்ட நாட்களுக்குள் அதிக எண்ணிக்கையில் கொன்றவருக்கும் அதிக எடையுள்ள கொயோட்டியைக் கொணர்ந்தவருக்கும் பரிசு. பல மாநிலங்களில் கொயோட்டிக்கு வேட்டைப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை என்பதால் எல்லாம் சட்டப்படியே நடக்கிறது. ஏன் என்று கேட்டால் மான்களைக் காப்பதற்கு என்று பதில் வரும். பரிசுத்தொகைக்கும் மானுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பதில் வராது. கலிஃபோர்னியா 2014இல் இப்பரிசுகளைத் தடைசெய்தது. வெர்மான்ட் 2018இலும் நண்பர் வாழ்ந்த நியூ மெக்சிகோ 2019இலும் நியூயார்க் 2023இலும் போட்டிகளைத் தடைசெய்தன. இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் வேட்டைக்காரர்களும் இருந்தார்கள் என்பதை நம் நண்பர்கள் கவனிக்க வேண்டும். தங்கள் கலையின் பெயரால் நடப்பது தங்கள் கலை அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கலையும் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது என்பதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. ஸ்பானியச் சிந்தனையாளர் ஒர்த்தெகா இ காஸெத் 1942இல் ஒரு வேட்டை நூலுக்கு எழுதிய முன்னுரையில் வலியுறுத்துவது இது: மனிதன் தன் கருவிகளின் மேன்மையைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டு, விலங்கு தப்புவதற்கான வாய்ப்பை விட்டுவைக்கும் வரையில்தான் அது வேட்டை. இன்று நூற்றுக்கணக்கான ஒலிகளைச் சேமித்து வைத்த மின்னணுக் கருவியைத் தொலைவில் வைத்துவிட்டுக் கையடக்க விசையால் இயக்கலாம். பல மாநிலங்களில் உடல் வெப்பத்தைக் காட்டும் தொலைநோக்கியைத் துப்பாக்கியில் பொருத்தி இரவிலும் சுடலாம். அங்கே மறைவதற்கு விலங்கை அறிய வேண்டிய தேவை குறைந்துகொண்டே போகிறது. அறிவின் இடத்தில் விலைச்சீட்டு அமர்கிறது. மறைவைப் பழிப்பவர்கள் இதையும் காண முடியாது. மறைவுக்குள் உயர்வு தாழ்வு உண்டு என்பதை ஏற்காதவருக்கு உயர்ந்தது தாழ்வதும் தெரியாது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு. கொயோட்டியை இளிவரலின் உருவமாக அமெரிக்க வாசகர் மனத்தில் பதித்ததில் 1872இல் வெளிவந்த மார்க் ட்வெய்னின் பயண நூலுக்குப் பங்குண்டு. நகைப்புக்குரியதாக ஆக்கப்பட்ட விலங்கைக் கொல்வது எளிது. மாறாக, 1909இல் அரிசோனா மலையில் ஓநாய் ஒன்றைச் சுட்ட இளம் வன அலுவலர் ஆல்டோ லியோபோல்ட், சாகும் அதன் கண்களைக் கண்டு தாம் அடைந்த மாற்றத்தைப் பிற்காலத்தில் எழுதினார். அவருடைய மறைவுக்குப் பின் 1949இல் வந்த நூலில் அக்கட்டுரை இருக்கிறது. ஓநாய் குறைந்தால் மான் பெருகும் என்று நம்பிச் சுட்டேன் என்று தம் நம்பிக்கையையும் அதன் பிழையையும் ஒருசேர அவர் முன்வைத்தார். நாம் விரும்பிப் படிக்கும் ஜிம் கார்பெட்டும் மறைந்தே கொன்றார். 1926இல் ருத்ரபிரயாகையில் மாமரத்துப் பரணில் அமர்ந்து, கீழே ஆட்டைக் கட்டி வைத்து இரவிரவாகக் காத்திருந்தார். ஆனால் வாசகரிடமிருந்து அவர் மறையவில்லை. தவறிய குண்டு, தம் அச்சம், பொய்த்த கணிப்பு எல்லாம் பக்கங்களில் இருக்கின்றன. விலங்கிடம் மறைந்தவர் எழுத்தில் வெளியே வந்து நின்றார். துறை அறிக்கைகளோ நேர்மாறானவை; அங்கே உயிர் ஓர் எண்ணாக, கொலை ஒரு சேவையாக வந்து போகிறது.

ஆகவே மறைந்து செய்யும் கொலை எதையும் மதிப்பிட மூன்று கேள்விகளை முன்வைக்கிறோம். மறைந்திருப்பவர் தாம் கொல்லும் உயிரை அறிந்திருக்கிறாரா? என்ன காரணத்துக்காகக் கொல்கிறேன் என்று சொல்லி, அக்காரணம் நிறைவேறியதா என்று திரும்பிப் பார்க்கிறாரா? கொன்ற பின் மறைவிலிருந்து வெளியே வந்து, நான்தான் என்று நிற்கிறாரா? இவற்றுக்கு ஆம் என்பவரோடும் நாம் முரண்படலாம்; கொல்லாமை நோக்கி அவரை அழைக்கலாம். அவர் நம் கண்ணெதிரே இருக்கிறார், அவரோடு பேச முடியும். மூன்றுக்கும் இல்லை என்று சொல்லும் அமைப்போடு பேசவே இயலாது; அதன் வேடத்தைக் கலைக்க வேண்டும். அதற்கு முதல் தேவை, நம் கோபத்தைச் சரியான முகவரிக்கு அனுப்புவது.

நண்பர் அன்று சொல்லி முடிக்காத கதையைப் பின்னர் தேநீர்க் கடையில் கேட்டுக்கொண்டோம். இருபது நிமிடங்கள் அசையாமல் அமர்ந்திருந்தார்களாம். தொலைவில் ஒரு கொயோட்டி தோன்றியது, வளைந்து சென்றது, நின்றது, மூக்கை உயர்த்தியது, திரும்பிப் பாராமல் போய்விட்டது. வேட்டைக்காரர் முகத்திரையை இறக்கிவிட்டு, காற்று திரும்பிவிட்டது, பிழை என்னுடையது என்று மட்டும் சொன்னாராம். பிழை என்னுடையது என்ற அந்தச் சொற்றொடரை 1931 முதல் இன்றுவரை எந்தக் கோப்பிலாவது காட்டுபவர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருப்போம்.

மறுத்து எழுத விரும்பும் நண்பர்களை வரவேற்கிறோம். வாலியை மட்டும் தயவுசெய்து சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். அவன் நம் பக்கத்துச் சாட்சி.